மெதுவாகச் சாத்து

என் அண்ணனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாலிஷ் என்றால்தான் தெரியும். சின்ன வயதில் ரப்பர் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். சிரிக்காதீர்கள், நிஜம். ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டுத் தேய்த்து, அதற்கப்புறம்தான் காலில் போடுவான். வகுப்பு வாத்தியார் வைத்த பெயர், ஐம்பது தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவனுக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்னால் நின்று விற்கிற வேலை இல்லை. பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு விளக்கு, நாலைந்து அரம், ஒரு சூடு காட்டும் மெஷின். கண்ணாடி வில்லையைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பான், ஃபிரேமை வளைத்து ஆளின் முகத்தில் உட்கார வைப்பான். கைராசிக்காரன், அதைச் சொல்லியாக வேண்டும். அவன் பொருத்திய கண்ணாடி மூக்கில் இருப்பதே தெரியாது.

"மனுஷன் மூஞ்சி எதுவும் நேரா இருக்காது. ஒரு காது மேல இருக்கும், ஒரு காது கீழ இருக்கும்" என்பான். "அதுக்காக மூஞ்சியையா நிமித்த முடியும்? ஃபிரேமைத்தான் வளைக்கணும்."

இருபத்தைந்து வருஷம் இதே வேலை. கோணல் எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருப்பதை வளைத்துச் சரிக்கட்டும் புத்தி அவன் கையில் ஊறிப்போயிருந்தது.

கீழ்வீட்டில் அவனும் அண்ணியும். மாடியில் தங்கை நானும் என் தையல் மெஷினும். அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அண்ணி துணிக்கடையில் பில் போடுகிறவர். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அப்படியும் சாயங்காலம் கடையிலிருந்து நடந்துதான் வருவார், அதுவும் என்ன நடை! கூடப் போனால் நான் ஓட வேண்டும். ஆள் குள்ளம், சத்தம் பெரிசு. எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. அலமாரி, தெருக்கதவு, ஃப்ரிட்ஜ், எதைச் சாத்தினாலும் படார்தான். கீழே அவர் கதவைச் சாத்தினால் மாடியில் என் ஊசிப்பெட்டி குதிக்கும். அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அண்ணன் அந்தப் பழைய காரை வாங்கி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரோ ஒரு பெரியவர் செத்துப்போய், அவர் வீட்டுப் பின்பக்கம் கிடந்ததாம். உருண்டை விளக்கு, குண்டு மூக்கு, எங்கள் அப்பா காலத்து வண்டி. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பின்சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. டயர் நாலும் மண்ணோடு மண். எங்கள் வாசலுக்கும் தெருக்கதவுக்கும் நடுவில் தகரம் போட்ட ஓர் இடம் உண்டு. துணி காயப்போடவும் சைக்கிள் நிறுத்தவும் இருந்த ஒரே இடம். அதில் கொண்டுவந்து அடைத்தான்.

அண்ணி கடையிலிருந்து வந்தார். பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"இதை எங்க வைக்கப் போறீங்க? என் தலையிலயா?"

"முதல்ல உள்ள ஏறி உட்கார்ந்து பாரு."

"கோழி எந்திரிச்சா உட்கார்றேன்."

திட்டிக்கொண்டேதான் ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவே இல்லை. "நாள் பூரா நிக்கிறவளுக்கு உட்கார்ந்துக்கிட்டே ஊர் சுத்துறதுன்னா சும்மாவா" என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கே முடிவாகிவிட்டது. வண்டி ஓடும், முன்சீட்டில் அண்ணி உட்காருவார். அவர் குள்ளம் என்பதால் சீட்டை உயர்த்தி வைப்பதாகவும் சொன்னான். சொன்னபடியே செய்தான், உறை தைத்தது நான்.

இனிமேல்தான் இருக்கிறது அவன் கூத்து. பழைய வண்டியை எடுத்தால் எவனும் முதலில் துருவைப் பார்ப்பான். இவன் முதலில் பளபளப்பதைப் பார்த்தான். கைப்பிடி, விளக்கு வளையம், உள்ளே இருக்கும் மீட்டர் பலகை, கதவுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற தூண். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, பெயிண்ட் அடித்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டான். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் கீழே குனிந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தான். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, பெட்டி மாதிரி ஓர் இரும்பு ஓடும். வண்டி தொய்யாமல் நிற்பதே அதனால்தான். அது இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் தூணுக்குத் தூண் குறுக்கே கம்பி வைத்து வெல்டிங் செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நடு உடம்பு தொய்ந்துவிடும். இது அவனுக்குத் தெரியும். ஃபோனில் வீடியோ போட்டு எனக்கே விளக்கியிருக்கிறான். ஆனால் கம்பியை ஒட்ட வேண்டியது எங்கே? அவன் முகம் பார்க்கிற மாதிரி தேய்த்து வைத்த அதே தூணில்.

"நெருப்புப் பட்டா பெயிண்ட் எல்லாம் கருகிடும். எவ்வளவு உழைப்பு!" என்றான். "நாலு செங்கல்லும் ஜாக்கியும் முட்டுக் கொடுத்தா போதும். சின்ன வண்டிதானே."

முட்டுக் கொடுத்தான். வெட்டினான். வெல்டிங்காரரைக் கூப்பிட்டுப் புது இரும்பை வைத்து ஒட்டிவிட்டான். தூணில் ஒரு பொட்டுக்கூடக் கருகவில்லை, அதில் அவனுக்கு ஒரே சந்தோஷம். கதவுகளை மாட்டும்போதுதான் தெரிந்தது, வண்டி தொய்ந்திருந்தது. அண்ணி உட்காரும் பக்கம் மோசம். மேலே விரல் போகிற அளவு சந்து, கீழே உரசல். பூட்டின் நாக்கு போய் உட்காரும் பிடி தூணில் இருக்கிறது, நாக்கு அதைவிட்டுக் கீழே போய் நின்றது.

அப்போது திரும்ப வெட்டியிருக்கலாம். பாவி, வெட்டவில்லை. அவன் கண்ணாடிக் கடைக்காரன். பிடியைக் கழற்றி அரத்தால் ராவினான். பின்னால் தகடு வைத்தான். கதவின் விளிம்பைச் சூடு காட்டி வளைத்தான். சந்து இருந்த இடத்தில் பட்டி பூசினான். விடுமுறை விடுமுறையாக அதே வேலை. கடைசியில் ஒரு நாள் கதவைத் தள்ளினான், டப் என்று ஒரு சத்தம் வந்தது. கனமான, மெத்தென்ற சத்தம். அவன் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா? கேட்டியா அந்தச் சத்தத்தை?"

என்னை மாடியிலிருந்து இறக்கிக் கேட்க வைத்தான். பால்காரரைக் கேட்க வைத்தான். மகளுக்கு ஃபோன் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்தான். அவள், "அப்பா, எனக்கு வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பாட்டு. மெதுவாகச் சாத்து.

"அது இரும்பு அலமாரி இல்ல, அடிச்சுச் சாத்தாதே!" "விரல் நுனியால தள்ளு, போதும்!" "எத்தனை தடவை சொல்றது, மெதுவா!" அண்ணி நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் இதுதான். அவர் பதிலுக்குக் கத்துவார். "கதவுன்னா சாத்தத்தான் செய்வாங்க, தாலாட்டவா முடியும்?" என்பார். ஆனாலும் பழகிக்கொண்டார். அதுதான் எனக்கு ஆச்சரியம். வாழ்நாள் முழுக்க எதையும் படாரென்று அடைத்த மனுஷி, அந்த ஒரு கதவை மட்டும் தூங்குகிற குழந்தை இருக்கும் அறைக்கதவை மாதிரி சாத்தப் படித்தார். விரல் நுனியால் தள்ளி, டப் சத்தம் வந்ததும் அவனைத் திரும்பிப் பார்ப்பார். சரியா என்று கேட்கிற மாதிரி. அவன் தலையாட்டுவான்.

வண்டியை வெளியே எடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், முன்சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி போட்டான். நான் பக்கத்தில் சீட்டு உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஜாக்கி ஏற ஏற வண்டி முனகியது. திடீரென்று அண்ணி பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. யாரும் தொடவில்லை. மெதுவாக, முழுசாக, திறந்து நின்றது.

"என்னடா இது, பேயா?" என்றேன்.

அவன் ஜாக்கியை இறக்கினான், கதவைச் சாத்தினான். டப். மறுபடி ஏற்றினான். மறுபடி திறந்தது. பிடியைக் கழற்றி இன்னொரு தகடு வைத்தான்.

"ஏன்டா, ஓடும்போது இப்படித் திறந்தா?"

"ஓடும்போது எவன் ஜாக்கி போடப் போறான்? போ, போய் உறையைத் தை."

எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. வண்டி விஷயம் எனக்கென்ன தெரியும்?

முதல் முதலாக வெளியே கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, கண்ணாடி பார்த்து இரண்டு தடவை பொட்டு மாற்றிக்கொண்டு வந்தார். நான் பின்சீட்டில். அண்ணி முன்னால் ஏறி, விரல் நுனியால் கதவைத் தள்ளினார். டப். அவனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். இதை நான் கண்ணால் பார்த்தேன், இப்போது யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

தெருவெல்லாம் திரும்பிப் பார்த்தது. அண்ணி உயர்ந்த சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து, முழங்கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு, எதிரில் வந்த கடைக்காரப் பெண்களுக்குக் கையெல்லாம் காட்டினார். பெரிய ரோட்டில் அண்ணன் கொஞ்சம் வேகம் எடுத்தான். அங்கே ஒரு வேகத்தடை, பாதி உடைந்து கிடந்தது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதில் ஏறியது. வண்டி ஜாக்கி போட்ட அன்றைக்கு முனகிய மாதிரியே முனகியது. எனக்குப் புரிவதற்குள் கதவு திறந்துவிட்டது. இந்தக் காலத்து வண்டிக் கதவு என்றால் எதிர்க்காற்றே அதைத் திருப்பி அடைத்துவிடும். இது பழைய வண்டி, கீல் பின்பக்கம். காற்று பிடித்து விரியத் திறந்தது. முழங்கையோடு அண்ணியும் போய்விட்டார். நான் எட்டிப் பிடித்தேன், கையில் அவருடைய பை மட்டும் வந்தது.

உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் வந்து கேட்டார், கதவு எப்படித் திறந்தது என்று. அண்ணன் நடுங்கிக்கொண்டிருந்தான், சட்டையெல்லாம் ரத்தம். பாவமாகத்தான் இருந்தது, அவன் வாயைத் திறக்கும் வரை.

"அவ சரியா சாத்தல சார்" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பயத்தில் உளறுகிறான், தெளிந்ததும் மாற்றிச் சொல்வான் என்று நினைத்தேன். எங்கே மாற்றினான்? சொல்லச் சொல்ல அதுவே நிஜமாகிவிட்டது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அண்ணியின் கடைப் பெண்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். மகள் ஓடி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டே, "ஒரு கதவை ஒழுங்கா சாத்தக்கூடாதாம்மா?" என்றாள்.

அண்ணிக்கு அன்றைக்கு நடந்தது பாதிதான் ஞாபகம். ஏறியது தெரியும், கை காட்டியது தெரியும். கதவைச் சாத்தியது ஞாபகத்தில் இல்லை. எல்லோரும் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆசை ஆசையா செஞ்சீங்க. முதல் நாளே கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

இப்போதாவது சொல்வான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அவர் நெற்றியைத் தடவினான்.

"சரி விடு. மன்னிச்சாச்சு" என்றான்.

அடப்பாவி! நோயாளி முன்னால் சண்டை போட முடியுமா? வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இதையும் சொல்ல வேண்டும், அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். படியை உடைத்துச் சரிவாக்கினான். சக்கர நாற்காலியின் கைப்பிடியை அவர் உயரத்துக்கு இறக்கினான், உட்காரும் இடத்தைச் செதுக்கிப் பஞ்சு வைத்தான். குளிக்க வைப்பான், தலை வாரிவிடுவான், ஒரு புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்க வைப்பான். வேறு யாரையும் தூக்க விடமாட்டான். தெருவே அவனைக் கொண்டாடியது. "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அண்ணியிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொள்வார்.

நடுவில் அந்தக் கதவையும் சரி செய்துவிட்டான். நசுங்கியதைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மாட்டினான். மறுபடியும் அதே டப். அப்புறம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினான்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். கண்டிப்பான ஆள், வாயில் சர்க்கரை கிடையாது. "கால் கட்டை விரல்ல கொஞ்சம் உணர்ச்சி இருக்கு. இப்பவே விடாம செஞ்சா பிடிச்சுக்கிட்டு நிக்கவாவது வரும். தள்ளிப் போட்டா சதை சுருங்கிடும், அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல" என்று நேராகவே சொன்னார். அண்ணி கொஞ்ச நாள் செய்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். தலைவலி என்பார், நாளைக்கு என்பார், தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். வலிக்கு மாத்திரை வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது நமக்குத் தெரியும்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"என் தப்புக்கு அந்த மனுஷன் இன்னும் எவ்வளவு இழுபடணும்? ஒரு கதவு சாத்தத் துப்பில்லாதவ. கிடக்கட்டும், போ."

அந்தச் சத்தமான மனுஷி இதைச் சத்தமே இல்லாமல் சொன்னார். அவர் கால் போனதைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. நேராகப் போய் அண்ணனைப் பிடித்தேன். தெருக்கதவுக்குப் பக்கத்தில் குழாயடியில் அண்ணியின் துணியை அலசிக்கொண்டிருந்தான்.

"அவங்க நிக்கணுமா, காலம் பூரா படுத்தே கிடக்கணுமா? தன் தப்புன்னு நினைச்சுத் தன்னைத்தானே தண்டிச்சுக்கிட்டு இருக்காங்க. உண்மையைச் சொல்லு."

"என்ன உண்மை?"

"என்கிட்டயே நடிக்காதே. ஜாக்கி போட்டப்ப நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

அவன் துணியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான். "சொன்னா என் மூஞ்சியில முழிப்பாளா?" என்றான். "அவளைத் தூக்குறது, குளிப்பாட்டுறது, இதுதான் இப்ப எனக்கு இருக்கு. இதுவும் போயிடும்."

"உனக்கு இருக்கிறதைப் பத்தி நான் கேக்கல. அவங்களுக்கு என்ன இருக்கு?"

அவன் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டு நானே அண்ணியிடம் போனேன். ஜாக்கி விஷயம், தகடு, அரம், அவர் கதவைச் சாத்தியதை நான் கண்ணால் பார்த்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு என் கன்னத்தைத் தட்டினார்.

"என்னைத் தேத்துறதுக்காக உங்க அண்ணன் தலையில போடுறியா? நல்ல தங்கச்சி!"

"சத்தியமா அண்ணி!"

"அவர் என்கிட்ட பொய் சொல்ல மாட்டார். கதவை நான் எத்தனை தடவை சாத்தியிருக்கேன், ஒரு தடவைகூடத் தானாத் திறந்ததில்ல." கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். "சரி, ஒண்ணு செய்யலாம். என்னை அதுல உட்கார வைங்க. நான் சாத்திப் பாக்கிறேன். திறந்துச்சுன்னா நீ சொல்றது நிஜம்."

மறுநாள் மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தபோது கேட்டார். "என்னைக் கொஞ்சம் கார்ல உட்கார வைங்க." அவன் முகம் வெளுத்துவிட்டது. எதற்கு என்றான். சும்மா, ஆசையா இருக்கு என்றார். தார்ப்பாயை விலக்கி, அவரைத் தூக்கி, அவன் உயர்த்திக் கொடுத்த அதே சீட்டில் உட்கார வைத்தான். கால் இரண்டையும் எடுத்து உள்ளே வைத்தான்.

அண்ணி கதவைப் பிடித்தார். முதலில் அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி, விரல் நுனியால். டப். தோளால் இடித்துப் பார்த்தார். அசையவில்லை. திறந்து மறுபடி சாத்தினார். டப். உள்ளங்கையால் குத்தினார், முழங்கையால் இடித்தார், உடம்பு முழுக்கச் சாய்ந்து தள்ளினார். கதவு கல் மாதிரி நின்றது. நிற்கிற வண்டியில் அது திறக்காது, அவருக்கு எப்படித் தெரியும்?

"பாத்தியா?" என்று என்னிடம் சொன்னார். "கதவுல ஒண்ணுமில்ல. நான்தான்."

அழ ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில்கூட இப்படி அழவில்லை. கடைசியாகக் கொஞ்சம் நம்பிக்கை வைத்துப் பார்த்திருக்கிறார், அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. நான் ஜாக்கியைத் தேடித் திரும்பினேன். அதற்குள் அண்ணன் குனிந்துவிட்டான். சுவர் ஓரம் கிடந்த ஜாக்கியை இழுத்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுத்து, கைப்பிடியை அழுத்தினான். நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க பண்றீங்க?" என்றார் அண்ணி.

வண்டி முனகியது. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. கதவு முதலில் விரல் அளவு விலகியது. பிறகு அண்ணியின் கைக்கு எட்டாமல் விரியத் திறந்து நின்றது.

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டார். கதவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் ஜாக்கியைப் பிடித்தபடி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு தடவை போடுங்க."

"வேண்டாம்மா..."

"போடுங்க."

அவன் இறக்கினான். நான் கதவைத் தள்ளிக் கொடுத்தேன், அண்ணி விரல் நுனியால் சாத்தினார். டப். அவன் ஏற்றினான். அது திறந்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்" என்றான். "வண்டி தொய்ஞ்சிருந்துச்சு. நான் பிடியை மட்டும் வளைச்சேன். நீ சரியாத்தான் சாத்தினே."

தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணி மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுக்குங்க என்னை மன்னிச்சீங்க?" என்றார்.

அவன் எழுந்து வந்து, அவரைத் தூக்கக் கையை நீட்டினான்.

"நீங்க தொடாதீங்க."

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவன் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நான் எதிர்வீட்டு வெல்டிங்காரரின் மனைவியைக் கூப்பிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் திணறித் திணறித் தூக்கினோம். அவனுக்குத் தெரிந்த பிடி எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கு வலித்திருக்கும், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவனைக் கூப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நாளைக்கு அந்தப் பயிற்சிக்காரம்மாவை வரச் சொல்லு" என்றார் என்னிடம்.

நாற்காலியைத் திருப்பினேன். நில்லு என்றார். கையை நீட்டி, திறந்து கிடந்த அந்தக் கதவின் விளிம்பைப் பிடித்து, பழைய மாதிரி ஓங்கிச் சாத்தினார். தகரக் கூரை அதிர்ந்தது. வண்டி ஜாக்கி மேலேயே நின்றதால் பூட்டு பிடிக்கவில்லை, கதவு திரும்பி வந்தது. மறுபடி பிடித்து மறுபடி அடித்தார். பட்டி உடைந்து பெயிண்டோடு கீழே விழுந்தது. விட்டாரா? கை ஓயும் வரை அடித்தார்.

மெதுவாகச் சாத்து என்று அண்ணன் சொல்லவில்லை.